வட்டக்கோட்டை வெயிலும் மின்னல்விளக்கும்

ஒளிப்படக்கருவியின் திரை திறந்து மூடும் சிறுபொழுதுக்குள், முன்பே தேக்கிவைத்த மின்னாற்றலை ஒரே வெட்டில் ஒளியாக்கித் தரும் கருவியே மின்னல்விளக்கு. கடைத்தெருவில் ஃபிளாஷ் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு தன் ஆற்றலை நொடிதோறும் சிறுகச் சிறுகச் செலவிடும். மின்னல்விளக்கோ பல நொடிகள் சேர்த்துவைத்ததை ஒரு நொடியின் முந்நூற்றில் ஒரு பங்குக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இந்த வேறுபாட்டிலிருந்தே அதன் வலிமையும் எல்லையும் பிறக்கின்றன. குறைந்த செலவில் நல்ல உருவப்படம் எடுக்க விழைவோர், இவ்வொளி பிறக்கும் முறையையும் பரவும் ஒழுங்கையும் அறிந்தபின் கடைக்குச் சென்றால், வாங்கவேண்டியது எது, வாங்காது விடவேண்டியது எது என்பது தானே விளங்கும்.

கையடக்கமான மின்னல்விளக்கு ஒன்றின் முகப்புத் தகட்டை உற்றுநோக்கினால், அதன் பின்னே பளபளக்கும் தொட்டிக்குள் விரல்நீளக் கண்ணாடிக்குழல் ஒன்று கிடப்பது தெரியும். அக்குழலில் செனான் என்னும் வினைபுரியா வளி அடைக்கப்பட்டுள்ளது. நான்கு சிறு மின்கலங்கள் தரும் சில வோல்ட் மின்னழுத்தத்தை உள்ளிருக்கும் மின்சுற்று 300 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி மின்தேக்கியில் நிரப்புகிறது; விளக்கை இயக்கியவுடன் காதில் விழும் மெல்லிய கீச்சொலி இந்த நிரப்புதலின் ஒலியே. செனான் இயல்பில் மின்னைக் கடத்தாது. ஆதலால் மின்தேக்கி நிரம்பியபின்னும் குழல் இருண்டே கிடக்கும். சில ஆயிரம் வோல்ட் கொண்ட ஒரு துடிப்பைக் குழலின் புறத்தே செலுத்தியதும், வளியின் அணுக்கள் மின்னணுக்களை இழந்து அயனிகளாகி வழிவிட, தேங்கிய மின் முழுதும் அவ்வழியே பாய்ந்து வெண்ணொளியாகிறது. 1887இல் செருமானிய நாட்டு அடால்ஃப் மீத்தேவும் யோகன்னசு கேடிக்கேயும் மெக்னீசியத் தூளைக் கொளுத்தி, புகையும் தீயச்சமும் சூழ ஒளி உண்டாக்கினர். 1930களில் அமெரிக்க அறிஞர் ஹெரால்டு எட்கர்ட்டன் வளிக்குழலில் மின்னைப் பாய்ச்சி, அதே பணியைப் புகையின்றி, மீண்டும் மீண்டும் செய்யக்கூடியதாக்கினார். இன்று கடையில் கிடைக்கும் மிக மலிவான விளக்கும் அவர் கண்ட முறையிலேயே இயங்குகிறது.

இனி அளவுக்கு வருவோம். 1400 மைக்ரோஃபாரடு மின்தேக்கியொன்றை 330 வோல்ட்டுக்கு நிரப்பினால் அதில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ 76 ஜூல். சிறிய தொகைதான், ஆயினும் ஒரு நொடியின் முந்நூற்றில் ஒரு பங்குக்குள் செலவாகும்போது அதன் திறன் ஏறத்தாழ 23 கிலோவாட் ஆகிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீரிறைக்கும் 5 குதிரைத்திறன் பொறிகள் ஆறு ஒருங்கே ஓடுவதற்கு ஈடான திறன் அது. இதே விலைக்கு ஒளியுமிழ் இருமுனை விளக்கு, அதாவது எல்.இ.டி. பலகை, வாங்கலாமே என்போர் உளர். 60 வாட் பலகை, திரை திறந்திருக்கும் 1/200 நொடியில் செலவிடுவது 0.3 ஜூல் மட்டுமே. மின்னை ஒளியாக்கும் திறமையில் எல்.இ.டி. செனானைவிட இருமடங்கு மேம்பட்டது என்று கொண்டாலும், மின்னல்விளக்கு நூறு மடங்குக்கும் மேலான ஒளியைத் தருகிறது. அறைக்குள் அசையாது அமர்ந்திருப்பவரைப் படமெடுக்கப் பலகை போதும். வெயிலோடு போட்டியிட அது போதாது.

வெயிலோடு போட்டியிடுவது என்ன என்பதை அறிய வட்டக்கோட்டையைப்போல் ஏற்ற களம் அரிது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், பின்னர்த் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குத் தலைமை ஏற்று, குமரிமுனைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் நீளும் இக்கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்திக் கட்டினார். மதில்மேல் நின்றால் கிழக்கும் தெற்கும் கடல், வடமேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கீழே கருமணற்கரை. மணமக்களும் குடும்பத்தாரும் இங்கே படமெடுத்துக்கொள்ள வருவதற்கு அந்தக் காட்சி போதும். ஆனால் ஒளியின் கண்கொண்டு நோக்கினால் இது கடினமான இடம். முற்பகலில் கடலைப் பின்னே வைத்து ஒருவரை நிறுத்தும்போது, ஞாயிறு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அலைநீர் கண்கூசப் பளபளக்கிறது. முகமோ நிழலில் ஆழ்ந்துவிடுகிறது. வெண்மணற்கரையாக இருந்தால் தரையில் விழும் வெயில் எதிரொளித்து, மோவாய்க்குக் கீழும் கண்குழியிலும் சிறிது வெளிச்சம் ஏற்றும். கருமணல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கிறது. கருங்கல்லும் திருப்பித் தருவது குறைவே. எஞ்சுவது வானின் நீல ஒளி மட்டும். வானின் நீலம் குறுகிய அலைகள் மிகுதியாகச் சிதறுவதால் வருவது. அந்த நீலம் கண்ணுக்கு இனியது. நம் மாநிறத் தோலின்மேல் தனித்து விழும்போதோ முகம் சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். மின்னல்விளக்கின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

ஒளிக்கு அளவு, பரப்பு, பக்கம், நிறம் என நான்கு இயல்புகள் உண்டு. எவ்வளவு ஒளி விழுகிறது என்பது அளவு. முகத்திலிருந்து நோக்க ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பது பரப்பு. எங்கிருந்து விழுகிறது என்பது பக்கம். செம்மையா நீலமா என்பது நிறம். விலை கூடக்கூடக் கடைக்காரர் நமக்கு மிகுத்துத் தருவது பெரும்பாலும் அளவையே. முகத்துக்கு அழகு சேர்ப்பதில் முதலிடம் பெறுபவை பரப்பும் பக்கமும். அவற்றை அறிவும், விளக்கொளியைத் திருப்பிப் பரப்பும் ஒரு குடையும் தந்துவிடும்.

அளவை அளக்க வழிகாட்டெண் என்று ஒன்றுண்டு. ஒளியுணரியின் உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 100இல், விளக்கிலிருந்து முகத்துக்கு மீட்டரில் உள்ள தொலைவையும் அதற்குச் சரியான துளையெண்ணையும் (எஃப் எண்) பெருக்கினால் வருவது அது. மலிவு விளக்குகளின் பெட்டிமேல் 60 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண், ஒளிக்கற்றையை மிகக் குறுக்கி, தொலைவில்லைக்கு ஏற்ப அமைத்து அளந்தது. கற்றையை விரித்தால் ஏறத்தாழ 36 ஆகிறது. குடையில் பட்டுத் திரும்பும்போது ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒளி தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைவதால், நான்கில் ஒரு பங்கு ஒளிக்கு வழிகாட்டெண் பாதியாகும். ஆக நம் கையில் நிற்பது 18. முகத்துக்கு ஒன்றரை மீட்டரில் குடையை வைத்தால் 18ஐ 1.5ஆல் வகுக்கத் துளையெண் 12. மறுபக்கம் ஞாயிற்றின் கணக்கு: தெளிந்த வெயிலில் உணர்திறன் 100க்கும் 1/100 நொடிக்கும் துளையெண் 16 என்பது படக்காரர் நெடுநாள் கண்ட அளவு, 1/200 நொடிக்கு அது 11 ஆகிறது. பன்னிரண்டும் பதினொன்றும் ஏறத்தாழ ஒன்றே. நான்கு சிறு மின்கலங்களால் இயங்கும் விளக்கு, ஒன்றரை மீட்டர் எல்லைக்குள் வட்டக்கோட்டை வெயிலுக்கு நிகராக நிற்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. மூன்று மீட்டருக்குத் தள்ளினால் அதே விளக்கு வெயிலில் நான்கில் ஒரு பங்கே. கூடுதல் வலிமைக்குப் பன்மடங்கு விலை கொடுப்பதற்கு முன் விளக்கை ஒரு முழம் முன்னே கொணர்ந்து பார்ப்பது நல்லது.

உணர்திறனைக் கூட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். கூட்டினால் விளக்கொளியோடு வெயிலும் அதே தகவில் கூடும். துளையைச் சுருக்கினால் இரண்டும் சேர்ந்தே குறையும். திரையின் விரைவைக் கூட்டுவது மட்டுமே வெயிலைத் தனியே குறைக்கும் வழி. அதற்கும் ஓர் எல்லை உண்டு. கருவிக்குள் இரு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முதல் திரை முற்றும் விலகி இரண்டாம் திரை கிளம்புமுன், ஒளியுணரி முழுவதும் திறந்திருக்கும் விரைவின் மேல்வரம்பே ஒத்திசைவு விரைவு. பெரும்பாலான கருவிகளில் அது 1/200 அல்லது 1/250 நொடி. அதைக் கடந்தால் படத்தின் ஒரு பக்கத்தில் கரும்பட்டை விழும். மின்தேக்கி, அயனி, எதிர்த்தகவு ஆகிய சொற்கள் நம் பள்ளிப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டன. அவற்றோடு வழிகாட்டெண்ணும் ஒத்திசைவு விரைவும் படக்கூடங்களில் புழங்கத் தொடங்கினால், தொழில் பழகவரும் இளைஞர் எண்களை உருப்போடாமல் பொருளுணர்ந்து கற்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பரப்பின் ஒழுங்கு இன்னும் வியப்புக்குரியது. ஞாயிற்றின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 108 மடங்கு அதன் தொலைவு. ஆதலால் ஒரு மீட்டர் அகலக் குடையை 108 மீட்டருக்கு அப்பால் நிறுத்தினால் அது ஞாயிறளவே தோன்றும். அதன் ஒளியும் வெயிலைப்போலவே கூரிய நிழலை விழச்செய்யும். அதே குடையை ஒரு மீட்டருக்குக் கொணர்ந்தால் முகத்தின் முன் பாதி வானம்போல் விரிந்து, மூக்கின் நிழலுக்கு விளிம்பே இல்லாதபடி ஒளி சூழ்ந்து தழுவும். கடற்காற்றில் வியர்த்த நெற்றியில் சிறிய ஒளிமூலம் வெண்புள்ளியாகத் தெறிக்கும். பெரிய மூலம் அதே மினுமினுப்பை மெல்லிய பரவலாக்கும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இப்பரவலே உரிய ஒளி. தோலின் நிறத்தை வெளுக்காமல், அதன் செழுமையை உள்ளவாறு காட்டுவது அது. நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கருவிழியை நோக்கினால் குடையின் வட்டம், அதன் கம்பிகள்கூட எண்ணத்தக்கவாறு, மேல்பக்கத்தில் பதிந்திருக்கக் காணலாம். விளக்கு எவ்வளவு பெரிது, எங்கே நின்றது என்பதைப் படமே சொல்லிவிடும்.

குடைக்கும் செலவிட இயலாதவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து அதனூடே ஒளியைச் செலுத்தலாம். தெர்மோகோல் தகடும் நல்ல எதிரொளிப்பான். ஒன்றை மட்டும் கருதவேண்டும்: சலவைத்தூளிலுள்ள வெண்மையூட்டி, மின்னல்விளக்கின் புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். பலமுறை வெளுத்த வேட்டியைவிட, வெளுக்காத பருத்தித்துணி முகத்துக்கு நன்று.

விளக்குகள் இருவகை: வில்லைவழி வரும் ஒளியைக் கருவியே அளந்து வலிமையை முடிவுசெய்யும் தன்னளவை விளக்கு, நாமே வலிமையை அமைக்கும் கைவினை விளக்கு. உருவப்படத்தில் முகமும் விளக்கும் இடம்பெயராது நிற்பதால், ஒருமுறை அமைத்த அளவு மாறாது நிற்கும்; ஆகவே கைவினை விளக்கே போதும். கோடாக்ஸ் டிடி600, யாங்நுவோ 560 வரிசை ஆகியவை இவ்வகையின. புகழ்பெற்ற கருவி நிறுவனங்களின் தன்னளவை விளக்குக்குக் கொடுக்கும் தொகையின் சிறு பங்கில் இவை கிடைக்கும். உடன் வாங்கவேண்டியது வானலைத் தூண்டி. விளக்கைக் கருவியின் தலையிலிருந்து இறக்கிப் பக்கத்துக்குக் கொண்டுசெல்ல உதவும் இச்சிறு கருவி இல்லையேல், முன்னிருந்து நேரே விழும் ஒளியில் முகம் தட்டையாகிவிடும். பழைய விளக்குகளைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்: படச்சுருள் காலத்து விளக்குகள் சிலவற்றின் தூண்டுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் நிற்கும், இன்றைய எண்மக் கருவியின்மேல் அதைப் பொருத்தினால் கருவியின் மின்சுற்று அழிந்துபோகலாம். பன்னளவி (மல்டிமீட்டர்) கொண்டு அளந்தபின்பே வாங்குக.

வட்டக்கோட்டையில் இன்னொரு பகை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசி முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இந்நிலத்தின் செல்வம். தாங்கியில் கட்டிய குடைக்கோ அது கேடு. தாங்கியைவிட, குடையையும் விளக்கையும் கையில் ஏந்தி நிற்கும் நண்பர் ஒருவர் இங்கே பெரிதும் உதவுவார். தொல்லியல் துறையின் காப்பிலுள்ள கோட்டை ஆதலால், தாங்கியும் விளக்கும் நிறுத்துமுன் அங்குள்ள அலுவலரிடம் இசைவு பெறுவதே முறை. மாலையில் ஞாயிறு மலைப்பக்கம் சாய, பொன்னொளி நேரே முகத்தில் விழும். கடல் பின்னே அமைதியான நீலமாகும். அப்போது விளக்கே வேண்டா. ஞாயிறு மலைக்குப்பின் இறங்கும் வேளையில் விளக்கைச் சேர்க்க விரும்பினால், அதன் 5500 கெல்வின் வெண்மை அந்தியின் செம்மையோடு பொருந்தாது. முகப்பில் பொன்மஞ்சள் தாளொன்றை ஒட்டினால் பொருந்தும்.

இரண்டாம் விளக்கை உடனே வாங்கவேண்டியதில்லை. முற்பகலில் பின்னிருந்து கூந்தலுக்கும் தோளுக்கும் ஒளிவிளிம்பு தீட்டும் ஞாயிறே அப்பணியைச் செய்கிறது. எஞ்சிய தொகையை மின்கலங்களில் இடுக. 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மீள்நிரப்பு நிக்கல் கலங்கள் நான்கு ஏறத்தாழ 34,500 ஜூல் தாங்கும். 76 ஜூலால் வகுத்தால் 450 முழுவெட்டுகள், அழுத்தம் உயர்த்துவதில் ஏற்படும் இழப்பு போக அதில் ஏறத்தாழப் பாதி. வெயிலோடு நிகர் நிற்க ஒவ்வொரு முறையும் முழுவலிமை தேவைப்படும் இடத்தில் அந்த எண்ணிக்கை ஒரு முற்பகலுக்குள் தீர்ந்துவிடக்கூடும். ஆகவே எட்டுக் கலங்களும், ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து நிரப்பும் மின்னேற்றி ஒன்றும் பையில் இருத்தல் வேண்டும்.