நெருப்புக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு தகடு

பெங்களூர் பீனியாவில் ஷீட் மெட்டல் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஸ்விட்ச் போர்டுப் பெட்டி அடிப்பது கைவந்த வேலை. அதே கத்தரியும் மரச்சுத்தியும் கொண்டு ஓர் உயிரைக் காக்கும் வேலையும் செய்யலாம். அதுதான் பந்தயக் காருக்குத் தடுப்புத் தகடு போடுவது.

பந்தயம் என்றதும் பழைய சோழவரத்தையும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளையும் நினைக்க வேண்டாம். இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் தாங்களே குழாய்களை வெல்டு வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கை வண்டிகளோடு மோதும் 'பாஹா' போட்டி, 2007-ல் நம் நாட்டுக்கு வந்தது. இந்தூரை அடுத்த பீதம்பூரில் பல ஆண்டுகள் நடைபெற்றது. மேடும் பள்ளமுமான மண் பாதையில் நான்கு மணி நேரம் ஓட வேண்டும்.

இந்த வண்டியில் எஞ்சின் இருப்பது ஓட்டுகிற பையனின் முதுகுக்குப் பின்னால். பெட்ரோல் டாங்கும் அங்கேதான். குறுக்கே நிற்பது ஒரே ஒரு தகடு. அது உலோகமாக இருக்க வேண்டும், கனம் 0.508 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பட்டறைக் கணக்கில் 25 கேஜ். கேஜ் சொல்லி வாங்கி வந்தால் போதாது; கடைத் தகடு மெலிந்திருப்பது யாருக்குத் தெரியாது? மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, ஒரு கேஜ் கூடுதலாகவே எடுப்பது நல்லது.

முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, குழாய்ச் சட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். படம் ஒன்று சொல்லும், வெல்டிங் சூட்டில் இழுத்துக்கொண்ட சட்டம் வேறொன்று சொல்லும். தகட்டை வெட்டிய பிறகு விளிம்பை மடித்து அடிக்க வேண்டும். தோள் பெல்ட் அந்தத் திறப்பு வழியாகத்தான் பின்னே போகிறது. கூரான விளிம்பு நான்கு மணி நேரம் உரசினால் பெல்ட்டின் நூல் பிரிந்துவிடும். வண்டி கவிழ்கிற நேரத்தில் பையனைப் பிடித்து வைப்பது அந்தப் பெல்ட் ஒன்றுதான்.

வயர், குழாய் போகிற ஓட்டைகள் அளவாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குரோமெட் போட வேண்டும். இரண்டு விரல் நுழையும் சந்து விட்டாலும் பெட்ரோல் தெறித்துத் தீப்பிடித்தால் ஜுவாலை அந்த வழியாகத்தான் வரும். அலுமினிய ரிவெட் 660 டிகிரி சென்டிகிரேடுக்குள் உருகிவிடும். இரும்பு ரிவெட்டே மேல்.

காலடித் தகடு சுலபமான வேலை. கல்லும் தரையும் காலில் படாமல், இடைவெளியின்றி மூடினால் சரி.

ஜி.ஐ. தகட்டை வெல்டு செய்பவர் தம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். துத்தநாகப் புகை உள்ளே போனால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் தீரும் என்பது வெறும் பட்டறை நம்பிக்கை. வெல்டு விழும் இடத்தில் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். ரிவெட்டில் முடிகிற இடத்துக்கு வெல்டிங் எதற்கு?