மலிவாக வாங்கிய ட்ரெய்லரும் கட்டிலுக்கடியில் இருந்த வயர்களும்

பாவித்த பொருட்களை வாங்கி வியாபாரத்தில் இறக்குவது பற்றிச் சில வாரங்களாக இப்பத்தியில் எழுதி வருகின்றேன். இம்முறை எழுதப் போவது நானே கையைச் சுட்டுக்கொண்ட விடயம். கொஞ்சம் வெட்கத்துடன்தான் எழுதுகின்றேன். ஏனெனில், இருபத்தைந்து வருடங்களாக அக்கரைப்பற்றில் ஹார்ட்வெயார் கடை நடத்துபவன் நான். சுருள் சுருளாக வயர் விற்றவன். அப்படிப்பட்டவன் வயர் விடயத்திலேயே கோட்டை விட்டேன்.

அறுகம்பையில் மே மாதமளவில் சீசன் தொடங்கினால் ஒக்டோபர் வரை அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவர்களும் நம் நாட்டு இளைஞர்களும் நிரம்பி வழிவார்கள். அறை கிடைப்பது கஷ்டம். ஒரு கேம்பிங் ட்ரெய்லர் இருந்தால் பொத்துவிலில் உறவினர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில் நிறுத்தி வாடகைக்கு விடலாமே என்று யோசித்தேன். மலைநாட்டில் ஒருவர் தனது குடும்பத்துக்காக வீட்டிலேயே கட்டிய ட்ரெய்லர் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. இரும்புச் சேஸி, உள்ளே பிளைவூட், வெளியே அலுமினியத் தகடு, இரண்டு பேர் படுக்கும் மெத்தை, பின்கதவைத் தூக்கினால் சமைக்க ஒரு பலகை. கூரையில் 100 வொட் சூரியப் பலகை, கட்டிலுக்கடியில் பெட்டரி, வெளியிலிருந்து கரண்ட் எடுக்க ஒரு வயர். சின்ன பிரிட்ஜும் உண்டு.

விற்றவர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டினார். லைட் எரிந்தது, விசிறி சுற்றியது, பிரிட்ஜ் உறுமியது. எனக்கு மனம் நிறைந்து விட்டது. லைட் எரிகிறது என்றால் கரண்ட் லைட் வரை வருகிறது என்பது மட்டுமே அதன் பொருள். எந்த வழியாக வருகிறது என்று அது சொல்லாது. இந்த உண்மை எனக்கு விளங்க ஒரு சீசன் எடுத்தது.

முதல் கோளாறு வரும் வழியிலேயே ஆரம்பித்தது. வேனின் பின் லைட் பியூஸ் இரண்டு முறை எரிந்தது. இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் ட்ரெய்லரின் பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னியது. பொத்துவிலில் நிறுத்திய பிறகு, இரவு நடுவில் பிரிட்ஜ் நின்று விடுகிறது என்று வாடகைக்கு வந்தவர்கள் முறையிட்டார்கள். விடியும்போது விசிறியும் தளர்ந்து போகும். பெட்டரி பழசு என்று நினைத்துப் புதுப் பெட்டரி போட்டேன். கோளாறு அப்படியே இருந்தது, காசுதான் போனது.

பிறகு ஒருநாள் மாலை, கடலில் குளித்து விட்டு ஈரத்துடன் வந்த ஓர் இளைஞர் ட்ரெய்லரின் கதவைப் பிடித்தவுடன் தூக்கி எறியப்பட்டார். அன்றைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து வெளிக் கரண்ட் எடுத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கையில் மட்டும் இரண்டு நாள் நடுக்கம். அவருடைய தாயார் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாளே ட்ரெய்லரை இழுத்து வந்து கடையின் பின்முற்றத்தில் நிறுத்தினேன்.

எமது ஊரில் வீட்டு வேலை செய்யும் வயர்மேன் வேறு, வாகன எலக்ட்ரீசியன் வேறு. முதலாமவருக்கு 230 வோல்ட் தெரியும். 12 வோல்ட்டை விளையாட்டுச் சாமான் மாதிரிப் பார்ப்பார். இரண்டாமவருக்கு 12 வோல்ட் கைவந்த கலை. வீட்டுக் கரண்ட் என்றால் கை வைக்க மாட்டார். இந்த ட்ரெய்லரில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே இருவரையும் ஒரே நாளில் வரவழைத்தேன். கூலி இரட்டிப்பு. ஆனால் அந்தச் செலவில் நான் கஞ்சத்தனம் காட்டவில்லை.

மெத்தையைத் தூக்கிப் பலகையைக் கழற்றியதும் வயர்மேன் தம்பி என்னைப் பார்த்தார். "காக்கா, இதைப் பாருங்க. எது வீட்டுக் கரண்ட், எது பெட்டரி கரண்ட் என்று சொல்லுங்க பார்ப்போம்."

சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே சிவப்பு, கறுப்பு வயர். ஒரே குழாய்க்குள் ஓடி, ஒரே பெட்டிக்குள் டேப் சுற்றிய முடிச்சுகளாக இருந்தது. பழைய முறைப்படி வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். 12 வோல்ட்டில் சிவப்பு பொசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். அதாவது சிவப்பைப் பார்த்து 12 வோல்ட் என்று நம்பித் தொடுபவன் 230 வோல்ட்டைத் தொடலாம். கட்டியவர் கெட்டவர் அல்லர். கையில் இருந்த மிச்ச வயரைப் பாவித்திருக்கிறார். எது எதுவென்று அவர் மனதில் இருந்தது. ட்ரெய்லரை என்னிடம் விற்றார். அந்த மனப்பாடத்தை விற்க முடியவில்லை.

ட்ரெய்லரின் ஏழு முனைப் பிளக்கில் இன்னொரு தந்திரம். அங்கே பொதுவாகப் பாவிக்கப்படும் ஐரோப்பிய முறையில் வெள்ளைதான் எர்த். கறுப்பு இடப்பக்கப் பின் லைட், மண்ணிறம் வலப்பக்கப் பின் லைட், சிவப்பு பிரேக், மஞ்சள் இடச் சிக்னல், பச்சை வலச் சிக்னல். கறுப்பென்றால் நெகட்டிவ் என்று நினைத்து யாரோ அதைச் சேஸியில் முடுக்கியிருந்தார்கள். பின் லைட் போட்டவுடன் நேரே ஷோர்ட். வேனின் பியூஸ் எரிந்த மர்மம் அதுதான். வெள்ளை வயரோ பெயின்ட் பூசிய இரும்பின் மேல், துருப்பிடித்த ஆணியில் தொங்கியது. எர்த் சரியில்லாவிட்டால் சிக்னலின் கரண்ட் திரும்பிப் போக வழி தேடிப் பிரேக் லைட்டுக்குள் நுழையும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து மின்னுகின்றன. ட்ரெய்லர் லைட்டுகள் இப்படிக் கூத்தாடினால் பல்பை மாற்றாதீர்கள், முதலில் எர்த்தைச் சுரண்டிப் பாருங்கள். கடற்காற்றுப் பக்கத்தில் இது இன்னும் முக்கியம்.

இனி பிரிட்ஜ் கதை. இதில்தான் என் கடைக்கே சூடு. பெட்டரியிலிருந்து பிரிட்ஜுக்குப் போயிருந்தது 1/1.13 வயர். வீட்டு லைட்டுக்கு நாங்கள் அன்றாடம் விற்பது. ஒரே தடித்த கம்பி, 1 சதுர மில்லிமீட்டர் செம்பு. வீட்டில் 60 வொட் சாமானுக்கு கால் ஆம்பியரை விடக் கொஞ்சம் கூட ஓடினால் போதும். அதே 60 வொட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும். இந்த வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம். பிரிட்ஜுக்கு 6 மீட்டர், போய் வர 12 மீட்டர். கணக்குப் பார்த்தால் 1 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே கரைகிறது. 230 இல் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 இல் ஒன்று குறைந்தால், பெட்டரி பாதி இறங்கிய நேரத்தில் பிரிட்ஜ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக நின்று விடும். புதுப் பெட்டரி போட்டும் திருந்தாத காரணம் விளங்கியதா? போதாக்குறைக்கு, ஒற்றைக் கம்பி வயர் ஓடும் வண்டிக்கு ஆகாது. குலுக்கலில் முறியும். வாகனத்துக்கு வேண்டியது பல மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயர்.

பியூஸ் இருந்த இடத்தைப் பார்த்தபோது வாகன எலக்ட்ரீசியன் சிரித்து விட்டார். பியூஸுக்குப் பதிலாகச் செம்பு இழைகளை முறுக்கி வைத்திருந்தார்கள். அதுவும் பெட்டரியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. பியூஸ் இருப்பது லைட்டைக் காக்க அல்ல, வயரைக் காக்க. பெட்டரியின் பொசிட்டிவ் முனைக்கு முடிந்தளவு கிட்டத்தில் இருக்க வேண்டும். பெட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் வயர் நசுங்கினால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. 12 வோல்ட் ஆளைக் கொல்லாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஷோர்ட் ஆனால் ஒரு கார் பெட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். பிளைவூட்டும் மெத்தையும் இருக்கும் பெட்டிக்குள் அது போதும்.

அந்த இளைஞருக்கு அடித்த கரண்ட் எங்கிருந்து வந்தது? அலுமினியத் தகட்டின் வெட்டு விளிம்பு ஒன்று ஓட்டத்தில் உரசி உரசி 230 வோல்ட் வயரின் தோலைத் தின்றிருந்தது. முழு பாடியும் லைவ். வெளிக் கரண்டுக்கு இரட்டை முனைப் பிளக், எர்த் வயரே கிடையாது. அடியில் இறப்பர் டயர். கரண்டுக்கு மண்ணுக்குப் போக வழியில்லாமல் காத்திருந்தது. ஈரக் கால்களுடன் வந்த மனிதர் அந்த வழியானார். பக்கத்துக் கடையில் ட்ரிப் சுவிட்ச் இருந்தது. நாங்கள் போய் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தியபோது அது விழவேயில்லை. எத்தனை வருடமாகச் செத்துக் கிடந்ததோ. இதை வாசிப்பவர்கள் இன்றைக்கே வீட்டுப் பலகையில் உள்ள அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பழைய வயரில் எதையும் மிச்சம் வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். பாதியை வைத்துப் பாதியை மாற்றினால் அது இன்னொருவருடைய மனப்பாடத்தின் மேல் கட்டுவதாகும். முதலில் காகிதத்தில் படம் கீறினோம். எந்தச் சாமான், எத்தனை ஆம்பியர், எத்தனை மணித்தியாலம். லைட்டுகள் 1.25 ஆம்பியர் 4 மணித்தியாலம், ஆக 5. விசிறி 2 ஆம்பியர் 8 மணித்தியாலம், ஆக 16. மொத்தம் 21 ஆம்பியர் மணி. பிரிட்ஜ் விட்டு விட்டு ஓடி ஒரு நாளைக்குத் தனியே 48 கேட்கிறது. கூரையில் உள்ள 100 வொட் பலகை நல்ல வெயிலில் ஒரு நாளைக்குத் தருவது 25 முதல் 30 வரைதான். ஈயப் பெட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுளும் போகும். இன்னும் இரண்டு பலகையும் பெரிய பெட்டரியும் வாங்குவதா? வியாபாரி மூளை வேறு பதில் சொன்னது. பிரிட்ஜைக் கழற்றி விற்றேன். மீன் துறையில் ஐஸ் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் ஒரு நல்ல ஐஸ் பெட்டி போதும்.

அதன் பிறகு வேலை இலேசானது. 12 வோல்ட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வளையும் வயர், பெட்டரி முனையிலேயே பியூஸ், கிளைகளுக்குத் தனித்தனிச் சின்ன பியூஸ். 230 வோல்ட்டுக்கு மறுபக்கச் சுவரில் வேறு குழாய், மூன்று வயர் கேபிள், எர்த்துடன் கூடிய 13 ஆம்பியர் பிளக். கரண்ட் உள்ளே நுழையும் இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்சும் பிரேக்கரும். பாடியும் சேஸியும் எர்த்துடன் பிணைப்பு. தகட்டில் துளையிட்ட இடமெல்லாம் இறப்பர் வளையம். ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் இலக்கம். படத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினோம். நாளை இதை யார் வாங்கினாலும் அந்தத் தாளும் சேர்ந்தே போகும்.

சாமானும் கூலியும் சேர்ந்து வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகியது. வீணாக வாங்கிய பெட்டரியும் இழந்த சீசனும் வேறு. வாங்குவதற்கு முன் அந்த இரண்டு பேரையும் அழைத்துப் போய் மெத்தையைத் தூக்கச் சொல்லியிருந்தால், அந்த மூன்றிலொன்றை விலையில் கழித்துப் பேசியிருப்பேன். விற்றவரும் அனேகமாக ஒப்புக்கொண்டிருப்பார், நல்ல மனிதர்.

கழற்றிய வயரைப் பழைய செம்பு எடுப்பவரிடம் போட்டு விட்டேன். தோல் தின்னப்பட்ட அந்த ஒரு அடித் துண்டை மட்டும் கொடுக்கவில்லை. கடையில் கல்லாப் பெட்டிக்கு மேலே தொங்குகிறது. ஆட்டோவுக்கும் லொறிக்கும் 1/1.13 கேட்டு வருபவர்களிடம் அதைக் காட்டி, வளையும் வயரை எடுத்துக் கொடுக்கின்றேன். ட்ரெய்லர் பதிவு, காப்புறுதி பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.