எட்டாவது கதை வந்துவிட்டது! ரெயிலைக் கோட்டைவிட்ட சைதாப்பேட்டை பெண்

சைதாப்பேட்டை ரெயில் நிலையம். காலை 7 மணி. தாம்பரம் போகும் மின்சார ரெயில் வந்தது. நின்றது. புறப்பட்டும் போய்விட்டது.

அதில் ஏற வேண்டிய ஒரு பெண் மட்டும் ஏறவில்லை. வாசலில் இருந்த பெட்டிக்கடையில் வாங்கிய வாரப் பத்திரிகையை விரித்தபடி, பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டு இருந்தார்.

"அக்கா! வண்டி போவுது... ஏறலையா?" என்று கூட வேலை பார்க்கும் பெண் ஜன்னல் வழியே கத்தினாள். அது அவர் காதில் விழவில்லை.

அன்று அவருக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை. சிரிப்பு!

காரணம்? அந்தப் பத்திரிகையில் 42-ம் பக்கத்தில் அவருடைய பெயர் அச்சாகி இருந்தது.

சமையல்கட்டு வெளிச்சம்

அவருக்கு வயது 38. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ சட்டைகளுக்குக் காலர் வைக்கிறார். கணவர் தண்ணீர் லாரி டிரைவர். ஒரு மகள், 9-ம் வகுப்பு. மாமியாரும் கூடவே இருக்கிறார். வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அவ்வளவுதான்.

இரவு 10 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு, இவர் சமையல்கட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மகளின் பழைய நோட்டுகளில் மிச்சம் கிடக்கும் தாள்களில் எழுதுவார். ரெயிலில் போகும்போது யோசித்து வைத்தது எல்லாம் இரவில் பேனாவுக்கு வரும்.

எழுதியதைச் செல்போனில் தமிழில் அடித்துக் கொடுப்பது மகள். அதற்குக் கூலி உண்டு. கதைக்கு ஒரு குச்சி ஐஸ்!

"ராத்திரி எல்லாம் லைட் எரியுது. கரண்ட் பில்லை எந்தப் பத்திரிகைக்காரன் கட்டுவான்?" என்று கணவர் கேட்பார். கோபம் இல்லை, கேலிதான். ஆனால் கேலியும் தினமும் கேட்டால் வலிக்கும் அல்லவா?

ஏழு கதைகள் அனுப்பினார். ஏழுக்கும் பதில் இல்லை. எட்டாவது வரவில்லை என்றால், இதோடு நிறுத்திவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்து இருந்தார்.

எட்டாவது வந்துவிட்டது!

"வருந்துகிறோம்"

எழுத்தாளர் என்றால் மாலை, மேடை, பரிசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு சிலருக்குத்தான். சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள் ஏராளம். பாங்கி குமாஸ்தா இருக்கிறார். ஜவுளிக்கடை ஊழியர் இருக்கிறார். இரவுக் காவலாளியும் இருக்கிறார். இவர்களுடைய வெற்றிகள் சின்னச் சின்ன வெற்றிகள். வெளியே சொன்னால் "இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்பார்கள்.

அந்தக் காலத்தில் கதை அனுப்புகிறவர்கள் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சுயவிலாசம் எழுதி தபால்தலை ஒட்டிய கவரையும் கூடவே வைத்து அனுப்புவார்கள். கவர் கனமாகத் திரும்பி வந்தால் கதையும் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உள்ளே "பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்ற அச்சடித்த சீட்டு இருக்கும்.

சிலசமயம் அந்தச் சீட்டின் ஓரத்தில் உதவி ஆசிரியர் பேனாவால் இரண்டு வார்த்தை எழுதி இருப்பார். "தொடர்ந்து எழுதுங்கள்." அவ்வளவுதான்! அதைப் பர்சில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஊர் சுற்றியவர்கள் உண்டு.

இப்போது கதை ஈமெயிலில் போகிறது. போன வேகத்துக்குக் குறைவு இல்லை. பதில்தான் வருவது இல்லை.

"முடியாதுன்னாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? படிச்சாங்களா இல்லையான்னே தெரியலையே" என்பது இவர்களுடைய புலம்பல்.

5 ரூபாய்க்கு 7 ரூபாய் செலவு

மயிலாப்பூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. 1979-ல் வாரப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய நாலு வரி ஜோக் வந்தது. சன்மானம் 5 ரூபாய். மணியார்டரில் வந்தது.

தபால்காரர் தெருமுனையில் இருந்தே, "சார், உங்களுக்குப் பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து பணம்!" என்று குரல் கொடுத்தபடி வந்தாராம். தெருவே எட்டிப் பார்த்தது. காப்பிக்கு என்று தபால்காரருக்கு 1 ரூபாய். நண்பர்களுக்கு ஓட்டலில் டிபன் 6 ரூபாய்.

"5 ரூபா வரவு, 7 ரூபா செலவு. கையை விட்டு 2 ரூபா போச்சு. ஆனா அன்னிக்கு நான் ராஜா சார்!" என்கிறார்.

அந்த மணியார்டர் பாரத்தின் கூப்பன் சீட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது. நீள நோட்டு ஒன்றில் ஒட்டி வைத்து இருக்கிறார். அதற்குக் கீழே அவருடைய ஜோக்குகள், துணுக்குகள், ஆசிரியருக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பசை காய்ந்து தாள் பழுப்பு ஏறிவிட்டது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

கன்னிமாராவில் ஒரு இடம்

அந்தக் காலத்தில் புத்தகம் போடுவது என்றால் ஆயிரம் பிரதியாவது அச்சடிக்க வேண்டும். மனைவி நகை அடகுக்கடைக்குப் போகும். இப்போது 50, 100 பிரதி மட்டும் அடித்துக் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. பெரியவரும் 2019-ல் தன் துணுக்குகளைத் தொகுத்து 100 பிரதி போட்டார்.

அதில் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போயிற்று. இது சட்டம்! 1954-ம் ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதியைப் பதிப்பாளர் கன்னிமாராவுக்கு அனுப்ப வேண்டும். இந்த உரிமை பெற்ற நூலகங்கள் நாட்டில் நாலே நாலுதான். கொல்கத்தா, மும்பை, டெல்லியில் ஒவ்வொன்று. நாலாவது 1896-ல் திறக்கப்பட்ட நம்ம கன்னிமாரா.

சட்டத்தின் கண்ணுக்குப் பெரிய எழுத்தாளர், சின்ன எழுத்தாளர் என்ற பேதம் கிடையாது. விற்ற புத்தகத்துக்கும் விற்காத புத்தகத்துக்கும் அங்கே இடம் உண்டு.

சில மாதம் கழித்துப் பெரியவர் பஸ் ஏறிப் போனார். தன் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். தேடி எடுத்து வந்து கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் நூலக முத்திரை. தடவிப் பார்த்தார்.

"என்ன சார், படிக்கணுமா?"

"இல்லப்பா, சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அதுதான் தன்னுடைய புத்தகம் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை!

ரெயில், அச்சகம், ஆட்டோ

பெரிய எழுத்தாளர்கள் மட்டும் வானத்தில் இருந்து குதித்தவர்களா? இல்லை.

திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு.கோதைநாயகி பள்ளிக்கூடம் போகாதவர். சிறு வயதிலேயே கல்யாணம் ஆனவர். எழுதத் தெரியாத நிலையில், தன் முதல் படைப்பை வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கோதைநாயகிதான் பிறகு 1925-ல் "ஜகன்மோகினி" பத்திரிகையை ஏற்று நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார்.

"சித்திரப்பாவை" நாவலுக்காக 1975-ம் ஆண்டின் ஞானபீட பரிசைப் பெற்றவர் அகிலன். தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அதுதான். அவர் ரெயில்வே தபால் பிரிவில் வேலை பார்த்தவர். ஊரார் கடிதங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கதை எழுதியவர்.

அடுத்து 2002-ம் ஆண்டின் ஞானபீடத்தைப் பெற்ற ஜெயகாந்தன், பள்ளிப் படிப்பை 5-ம் வகுப்போடு விட்டவர். கம்யூனிஸ்டு கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் வேலை செய்தவர்.

இன்னொருவர் கோவை ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார். போலீஸ் காவலில் தான் பட்ட அடியை "லாக்கப்" என்ற புத்தகமாக எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த "விசாரணை" படம் 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. பிறகு இந்தியா சார்பில் ஆஸ்கார் போட்டிக்கும் அனுப்பப்பட்டது.

இவர்களுக்கும் முதலில் ஒரு முதல் கதை இருந்தது. அது அச்சில் வந்த நாள் ஒன்று இருந்தது.

வாங்குவாரா? மாட்டாரா?

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது இவர்களைப் பார்க்க வேண்டும். 1977-ல் அண்ணா சாலை மதரசா-இ-ஆஜம் பள்ளியில் சிறிய அளவில் தொடங்கிய கண்காட்சி அது. இன்று ஜனங்கள் திருவிழாப் போலக் கூடுகிறார்கள்.

புது எழுத்தாளர் தன் புத்தகம் இருக்கும் கடைக்குப் பக்கத்தில், யாரோ போல நிற்பார். ஒருவர் வந்து அந்தப் புத்தகத்தை எடுப்பார். பின் அட்டையைப் படிப்பார். விலையைப் பார்ப்பார். இவருக்கு இதயம் படபட என்று அடிக்கும். அவர் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார். போச்சு!

அரை மணி நேரம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து, அதே புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவார். அன்று ராத்திரி எழுத்தாளருக்குச் சோறு இறங்காது. சந்தோஷத்தில்தான்!

வாங்கியவர் சொந்தக்காரர் அல்ல. நண்பரும் அல்ல. முன்பின் தெரியாத ஓர் ஆள். அந்த ஒரு ஆளுக்காகத்தான் இவர்கள் இத்தனை வருடம் எழுதுகிறார்கள்.

அத்தை செய்த திருத்தம்

சைதாப்பேட்டைப் பெண்ணுக்கு அப்படி ஒரு வாசகர் வீட்டிலேயே கிடைத்தார். அவருடைய மாமியார்!

மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 30 வருடம் தெருவில் இட்லி சுட்டு விற்றவர். பத்திரிகையில் வந்த கதையும் ஒரு இட்லிக்காரக் கிழவியின் கதைதான். அன்று மாலை மருமகள் கதையை உரக்கப் படித்தார். கிழவி பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்தார். இது யாருடைய கதை என்று யாரும் சொல்லவில்லை.

கடன் சொன்ன ஆளைக் கிழவி திட்டும் இடம் வந்தது.

"நிறுத்து!" என்றார் மாமியார்.

மருமகளுக்குப் பகீர் என்றது. கோபமோ?

"நான் எங்கடி அப்படித் திட்டினேன்? 'துன்ற சோத்துக்குக் கடன் வெக்காதடா, பசி திரும்பி வரும்'னு இல்ல சொன்னேன்! எழுதறவ சரியா எழுத வேணாம்?"

"தப்புதான் அத்தை. நீங்க சொன்னதுதான் நல்லா இருக்கு" என்றார் மருமகள்.

மாமியார் சிரித்துவிட்டார். "சரி, மேல படி" என்றார். இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் கதை புஸ்தகத்துல வந்து இருக்கு" என்று சொன்னாராம்.

500 ரூபாய்

இரண்டு மாதம் கழித்துச் சன்மானம் 500 ரூபாய் பாங்கிக் கணக்கில் விழுந்தது. போய்விட்ட அரை நாள் சம்பளத்தைக் கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான்.

அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. மகள் ஐஸ்கிரீம் என்றாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

கணவர் மட்டும் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன மேஜை விளக்கு, கொஞ்சம் வயர், ஒரு பிளக். ஜன்னல் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, அவரே வயர் இழுத்து, விளக்கை எரியவிட்டுக் காட்டினார். விளக்கின் வெளிச்சம் ஸ்டூல்மீது மட்டும் விழுந்தது. படுத்து இருப்பவர்கள் கண்ணில் படவில்லை.

"இனிமே சமையல்கட்டுல போய் உக்கார வேணாம். அங்க கரப்பான் பூச்சி" என்றார்.

கரண்ட் பில்லைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

500 ரூபாய் அவர் சட்டைப் பையில் இருந்து போனது. மனைவியின் பணம் பாங்கியில் அப்படியே இருக்கிறது.

அந்த விளக்கின் அடியில் இப்போது ஒன்பதாவது கதை நடக்கிறது. அதற்கும் திருத்தம் செய்வது மாமியார்தான்!