கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இடமாற்றப் பிணக்கு

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இடமாற்றப் பிணக்கு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரின் தொழில்முறைக் காற்பந்து அணியை அதன் உரிமையாளர் ஆர்ட் மொடெல் 1995 ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகருக்கு மாற்ற முடிவு செய்ததால் எழுந்த சட்ட, அரசியல் பிணக்கு ஆகும். நகருக்குச் சொந்தமான விளையாட்டரங்கின் குத்தகை ஒப்பந்தமே இதன் மையமாக இருந்தது. 1996 பெப்ரவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உரிமையாளரும் ஆட்டக்காரர்களும் பணியாளர்களும் பால்ட்டிமோர் சென்றனர்; அணியின் பெயர், நிறங்கள், சாதனைப் பதிவுகள் ஆகியன கிளீவ்லாந்திலேயே தங்கின. ஓர் அணியின் நிறுவனத்தையும் அதன் வரலாற்றையும் இவ்வாறு இரண்டாகப் பிரித்தது தேசியக் காற்பந்துச் சங்கத்தில் (என்.எஃப்.எல்.) அதற்கு முன் நிகழ்ந்திராத ஒன்று.

இக்கட்டுரையில் காற்பந்து என்பது அமெரிக்கக் காற்பந்தைக் குறிக்கும். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் ஆட்டம். நாம் காற்பந்து என்று சொல்வதை அமெரிக்கர்கள் சாக்கர் என்பர்.

அணியும் உரிமையாளரும்

பிரவுன்ஸ் அணி 1946 இல் ஆடத் தொடங்கியது. அதன் பெயர் முதல் பயிற்றுநரான பால் பிரவுனிடமிருந்து வந்தது. 1950 இல் என்.எஃப்.எல். சங்கத்தில் சேர்ந்த அணி, அவ்வாண்டிலேயே வாகை சூடியது; பின்னர் 1954, 1955, 1964 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. 1964 இன் இறுதி ஆட்டத்தில் 27-0 என்ற கணக்கில் தோற்ற அணி பால்ட்டிமோர் கோல்ட்ஸ் என்பது இப்பிணக்கைப் படிப்போருக்கு ஒரு சுவையான செய்தி.

நியூயார்க்கில் விளம்பரத் துறையில் இருந்த மொடெல் 1961 இல் ஏறத்தாழ 40 இலட்சம் டாலருக்கு அணியை வாங்கினார். 1963 சனவரியில் அணிக்குப் பெயர் தந்த பால் பிரவுனையே பணியிலிருந்து நீக்கினார். சங்கத்தின் தொலைக்காட்சி ஒப்பந்தங்களைப் பல்லாண்டுகள் முன்னின்று பேசி முடித்தவரும் இவரே. பிற உரிமையாளர்கள் அணிகளை இடம் மாற்றியபோது அதை எதிர்த்தவர் என்பதால் 1995 அறிவிப்பு கிளீவ்லாந்து மக்களுக்குக் கூடுதல் அதிர்ச்சியாக இருந்தது.

அரங்கும் குத்தகையும்

ஈரி ஏரிக்கரையில் 1931 இல் திறக்கப்பட்ட கிளீவ்லாந்து நகர அரங்கில் ஏறத்தாழ 80,000 பேர் அமரலாம். அங்கு பிரவுன்ஸ் அணியும் இந்தியன்ஸ் எனப்பட்ட அடிபந்தாட்ட அணியும் ஆடிவந்தன. அரங்கைப் பராமரிப்பது நகருக்குச் சுமையாகவே, மொடெல் நிறுவிய அரங்கு நிறுவனம் 25 ஆண்டுகளுக்கு, அதாவது 1998 வரை, அதைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 1 டாலர். அதற்கு மாறாகப் பழுதுபார்ப்பும் பராமரிப்பும் மொடெலின் பொறுப்பாயின. அவர் வசதி அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார். இந்தியன்ஸ் அணியிடமும் வாடகை பெற்றார். நகரின் குத்தகைதாரர் இவ்வாறு மற்றோர் அணிக்கு வீட்டுக்காரர் ஆனார்.

இந்த ஏற்பாடு 1990 இல் ஆட்டம் கண்டது. அவ்வாண்டு கயகோகா மாவட்ட வாக்காளர்கள் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் தனி வரி விதிக்க ஒப்புதல் அளித்தனர். அந்தப் பணத்தைக் கொண்டு அடிபந்தாட்டத்திற்கும் கூடைப்பந்தாட்டத்திற்கும் புதிய அரங்குகள் எழுந்தன. அத்திட்டத்தில் மொடெல் சேரவில்லை. 1993 பருவத்துடன் இந்தியன்ஸ் வெளியேறியபோது, அந்த அணியின் வாடகையும் அதன் ஆட்டங்களுக்கான வசதி அறை வருமானமும் நின்றுபோயின. பழைய அரங்கின் செலவு மட்டும் அவரிடம் எஞ்சியது. அரங்கைப் புதுப்பிக்க 17.5 கோடி டாலர் பொதுப்பணம் வேண்டும் என்று அவர் கேட்டார்.

அரங்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

நிறைய பார்வையாளர்களைக் கொண்ட ஓர் அணிக்குப் பணமுடை எப்படி வரும் என்ற கேள்வி எழலாம். விடை சங்கத்தின் வருவாய்ப் பகிர்வு முறையில் உள்ளது. தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் எல்லா அணிகளுக்கும் சரிசமமாகப் பங்கிடப்படுகிறது. நுழைவுச்சீட்டு வருமானத்திலும் எதிரணிக்குப் பங்குண்டு. ஆனால் வசதி அறைகளின் கூடுதல் கட்டணம், வாகன நிறுத்தம், உணவு விற்பனை, அரங்கினுள் வைக்கப்படும் விளம்பரம் போன்றவற்றைப் பங்கிட வேண்டியதில்லை. எனவே ஓர் உரிமையாளர் மற்றவரைவிடக் கூடுதலாக ஈட்ட வேண்டுமானால் அவருக்கு உள்ள முதன்மையான வழி அரங்கே. 1994 இல் ஆட்டக்காரர் ஊதியத்திற்கு உச்சவரம்பு வந்தது. அதற்குப் பின்னும், ஒப்பந்தம் செய்யும்போது முன்பணமாகத் தரும் பெருந்தொகைக்குக் கையில் ரொக்கம் தேவைப்பட்டது.

மற்றொரு காரணம் அணிகளின் எண்ணிக்கை. 1995 இல் சங்கத்தில் இருந்தவை 30 அணிகள். அணி வேண்டும் என்ற நகரங்கள் அதைவிட மிகுதி. புதிய அணிகளுக்கு இடமளிப்பதைச் சங்கமே கட்டுப்படுத்துவதால், அணியில்லாத நகரம் ஒன்று எப்போதும் எங்கோ காத்திருக்கும். அந்த நகரைச் சுட்டிக்காட்டியே இருக்கும் நகரிடம் புதிய அரங்கு கேட்க முடிகிறது. பொருட்பற்றாக்குறைச் சந்தையில் விற்பவர் கை ஓங்குவது போன்றதே இது. வேறுபாடு என்னவெனில், இங்கு பற்றாக்குறையை உண்டாக்குபவர்களும் விற்பவர்களே.

பால்ட்டிமோர்

1995 இல் அவ்வாறு காத்திருந்த நகரம் பால்ட்டிமோர். அதுவும் இதே வகையில் அணியை இழந்த நகரமாகும். அரங்கு குறித்த பூசல் நீண்டு, அணியைக் கட்டாயமாகக் கையகப்படுத்த நகருக்கு அதிகாரம் தரும் சட்டம் மேரிலாந்து சட்டமன்றத்தில் நகர்ந்துகொண்டிருந்த நிலையில், 1984 மார்ச் 28 இரவோடு இரவாகக் கோல்ட்ஸ் அணியின் உடைமைகள் சரக்குந்துகளில் ஏற்றப்பட்டு இண்டியானபோலிசு கொண்டு செல்லப்பட்டன. கோல்ட்ஸ் என்ற பெயரும் உடன் சென்றது. பால்ட்டிமோரில் எஞ்சியது அணியின் இசைக்குழு மட்டுமே; அது அணியே இல்லாமல் தொடர்ந்து இசைத்து வந்தது.

1993 இல் சங்கம் இரண்டு புதிய அணிகளை அனுமதித்தபோது அவை சார்லட், ஜாக்சன்வில் ஆகிய நகரங்களுக்குப் போயின. புதிய அணி கிடைக்காது என்றானபின் மேரிலாந்து அரங்கு ஆணையம் பிற நகரங்களின் அணிகளை நாடியது. வாடகையின்றிப் புதிய அரங்கு என்பது அதன் வாக்குறுதி. 1995 அக்டோபர் இறுதியில், வங்கித் தொழிலரும் பிரவுன்ஸ் அணியில் சிறு பங்கு கொண்டவருமான ஆல் லெர்னரின் தனி விமானத்தில் வைத்து மொடெல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

அறிவிப்பும் வழக்கும்

1995 நவம்பர் 6 அன்று பால்ட்டிமோரில் நடந்த விழாவில் இடமாற்றம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் கிளீவ்லாந்தில் வாக்கெடுப்பு. பழைய அரங்கைப் புதுப்பிப்பதற்காக மது, சிகரெட் வரியை நீட்டிக்கலாமா என்பதே வாக்காளர் முன்னிருந்த கேள்வி. அணி போகிறது என்று தெரிந்த பின்னும் மக்கள் பெரும் பெரும்பான்மையில் வரியை ஏற்றனர். மொடெல் கேட்ட பணத்தை, அவர் போவதாக அறிவித்த மறுநாள், நகரம் தந்தது. நகரம் அக்கறையற்றிருந்தது என்ற வாதத்தை இவ்வாக்கெடுப்பு வலுவிழக்கச் செய்தது.

நகர முதல்வர் மைக்கேல் வைட் தலைமையில் நகராட்சி வழக்குத் தொடுத்தது. மொடெல் தரப்பு, குத்தகையின் எஞ்சிய ஆண்டுகளுக்குப் பணம் தந்து விலகிவிடலாம் எனக் கருதியது. பொதுவாக ஒப்பந்தத்தை மீறியவர் இழப்பீடு தந்தால் போதும். ஆனால் நகராட்சி கேட்டது இழப்பீடு அன்று. ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்பது. 1998 வரை இந்த அரங்கில் ஆடுவதாக ஒப்புக்கொண்ட அணி இங்கேயே ஆடவேண்டும், அணிக்கு ஈடான வேறொன்றைப் பணத்தால் வாங்க இயலாது என்று அது வாதிட்டது. நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. மூன்று ஆண்டுகள் நீதிமன்ற ஆணையின் பேரில் வெறுப்பு நிறைந்த அரங்கில் ஆடுவதை எந்த உரிமையாளரும் விரும்பமாட்டார். நகரின் பேரம்பேசும் வலிமை முழுவதும் அந்த ஒரு விதியில் இருந்தது.

சங்கமும் இக்கட்டில் இருந்தது. 1980களில் ரெய்டர்ஸ் அணி ஓக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சென்றதைத் தடுக்க முயன்ற சங்கம், வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்கில் தோற்றிருந்தது. எனவே இடமாற்றத்தை மறுத்தால் மொடெலும் மேரிலாந்தும் வழக்கிடலாம். ஏற்றால் கிளீவ்லாந்து வழக்கை எதிர்கொள்ள வேண்டும். 1995 இலேயே ரெய்டர்ஸ், ராம்ஸ் ஆகிய இரு அணிகள் லாஸ் ஏஞ்சலசை விட்டு நீங்கியிருந்தன. பிரவுன்சும் போனால் ரசிகர் நம்பிக்கை என்னாகும் என்ற கவலை சங்கத்திற்கு இருந்தது.

1995 திசம்பர் 17 அன்று பழைய அரங்கில் கடைசி ஆட்டம் நடந்தது. பிரவுன்ஸ் 26-10 என்ற கணக்கில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியை வென்றது. பெங்கால்ஸ், நீக்கப்பட்ட பால் பிரவுன் பின்னர் தொடங்கிய அணி. ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்தெடுத்தனர். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் சிலர் அவர்களிடம் சென்று விடைபெற்றனர்.

உடன்பாடு

1996 பெப்ரவரி 9 அன்று அணி உரிமையாளர்கள் 25-2 என்ற கணக்கில் உடன்பாட்டை ஏற்றனர், மூவர் வாக்களிக்கவில்லை. எதிர்த்து வாக்களித்தவை பிட்ஸ்பர்க், பஃபலோ அணிகள். களத்தில் பிரவுன்சின் கடும் எதிரியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் இதில் கிளீவ்லாந்தின் பக்கம் நின்றது குறிப்பிடத்தக்கது.

உடன்பாட்டின்படி மொடெல் ஆட்டக்காரர்களோடு பால்ட்டிமோர் செல்லலாம். ஆனால் பிரவுன்ஸ் என்ற பெயர், பழுப்பு-செம்மஞ்சள் நிறங்கள், 1946 முதலான பதிவுகள் ஆகியன புதிய பிரவுன்ஸ் அணிக்காகக் காக்கப்படும். 1999 க்குள் கிளீவ்லாந்துக்கு அணி தரப்படும். புதிய அரங்கு கட்ட சங்கம் கடனுதவி செய்யும். மொடெல் நகருக்கு இழப்பீடு தருவார்.

இதன் விளைவாக ஏட்டளவில் ஒரு விந்தை நேர்ந்தது. அதே ஆட்டக்காரர்களுடன் பால்ட்டிமோரில் ஆடிய அணி 1996 இல் பிறந்த புதிய அணியாகக் கணக்கிடப்பட்டது. 1999 இல் முற்றிலும் புதியவர்களைக் கொண்டு அமைந்த அணியோ மூன்றாண்டு இடைவேளைக்குப் பின் தொடரும் பழைய அணியாயிற்று. பால்ட்டிமோர் அணிக்கு ரசிகர் வாக்கெடுப்பின் மூலம் ரேவன்ஸ் என்று பெயரிடப்பட்டது. அந்நகரில் அடக்கம் செய்யப்பட்டுள்ள எட்கர் ஆலன் போவின் புகழ்பெற்ற கவிதையை நினைவூட்டும் பெயர் இது.

பின்விளைவுகள்

பழைய அரங்கு இடிக்கப்பட்டு, அதன் இடிபாடுகள் ஈரி ஏரியில் மீன்களுக்கான செயற்கைத் திட்டுகளாக இடப்பட்டன. அதே இடத்தில் 1999 இல் புதிய அரங்கு திறக்கப்பட்டது. புதிய அணியின் உரிமையை 53 கோடி டாலருக்கு வாங்கியவர், மொடெலுக்குத் தம் விமானத்தில் இடமளித்த அதே ஆல் லெர்னர். முதல் ஆட்டத்தில் அணி 43-0 என்று பிட்ஸ்பர்கிடம் தோற்றது. 2017 பருவத்தில் 16 ஆட்டங்களிலும் தோற்றது. ரேவன்ஸ் அணியோ 2001 சனவரியிலும் 2013 பெப்ரவரியிலும் சூப்பர் கிண்ணத்தை வென்றது. வரலாற்றைத் தக்கவைத்தவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை என்று பலர் எழுதினாலும், அணியே இல்லாது போவதற்கும் தோற்கும் அணி இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பால்ட்டிமோர் மக்கள் நன்கு அறிவர்.

மொடெல் 2012 இல் காலமானார். இவ்வுடன்பாட்டின் முறை பிற விளையாட்டுகளிலும் பின்பற்றப்பட்டது. 2008 இல் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணி ஓக்லகோமா நகருக்குச் சென்றபோது பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கென ஒதுக்கப்பட்டன.

மொடெல் சட்டம்

ஒகையோ சட்டமன்றம் 1996 இல் இயற்றிய சட்டம் மக்கள் வழக்கில் மொடெல் சட்டம் எனப்படுகிறது. வரிப்பண உதவி பெற்ற அரங்கில் ஆடும் அணி வெளியேற விரும்பினால், ஆறு மாத முன்னறிவிப்பு தந்து, உள்ளூரார் அணியை வாங்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொலம்பஸ் குரூ என்ற சாக்கர் அணியை டெக்சாசின் ஆஸ்டின் நகருக்குக் கொண்டு செல்லும் முயற்சியை எதிர்த்து 2018 இல் இச்சட்டத்தின்கீழ் வழக்கிடப்பட்டது. இறுதியில் அவ்வணியை உள்ளூர்க் குழு ஒன்று வாங்கி அங்கேயே நிறுத்தியது. அக்குழுவில் முதன்மையானவர், 2012 முதல் பிரவுன்ஸ் அணியின் உரிமையாளராக விளங்கிய ஜிம்மி ஹாஸ்லமின் குடும்பத்தார்.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே சட்டம் அதே குடும்பத்தின் மீது திரும்பியது. ஏரிக்கரை அரங்கின் குத்தகை 2028 பருவத்துடன் முடிவதால், நகர எல்லைக்கு வெளியே புரூக் பார்க் என்ற புறநகரில் ஏறத்தாழ 240 கோடி டாலர் செலவில் கூரையிட்ட அரங்கு கட்ட அணி நிருவாகம் 2024 இல் முடிவு செய்தது. இருக்கும் அரங்கைப் புதுப்பிக்க 46.1 கோடி டாலர் தருவதாக நகரம் முன்வந்தும் பயனில்லை. மொடெல் சட்டத்தையே எதிர்த்து அணி 2024 அக்டோபரில் வழக்கிட்டது. அச்சட்டத்தைச் செயல்படுத்தக் கோரி நகரம் 2025 சனவரியில் வழக்கிட்டது.

தீர்ப்பு வருமுன் சட்டமே மாறியது. 2025 சூன் இறுதியில் நிறைவேறிய மாநில வரவுசெலவுத் திட்டம், உரிமை கோரப்படாத நிதியிலிருந்து 60 கோடி டாலரைப் புதிய அரங்குக்கு ஒதுக்கியதுடன், மாநிலத்தை விட்டு வெளியேறும் அணிகளுக்கு மட்டுமே மொடெல் சட்டம் பொருந்தும் என்றும் திருத்தியது. 1996 இல் குத்தகை விதியைப் பற்றி நின்ற நகரத்திற்கு இம்முறை அத்தகைய பிடி இல்லை. குத்தகை முடிந்த பின்னரே அணி நகர்கிறது. 2025 அக்டோபரில் நகர முதல்வர் ஜஸ்டின் பிப்பும் அணி உரிமையாளர்களும் உடன்பாட்டுக்கு வந்தனர். அதன்படி வழக்குகள் கைவிடப்படும். ஏரிக்கரை அரங்கை இடிப்பதற்கான செலவு உட்பட 10 கோடி டாலர் மதிப்புள்ள தொகையை அணி நகருக்குத் தரும். பிரவுன்ஸ் என்ற பெயரும் கிளீவ்லாந்து என்ற முன்னொட்டும் இந்த இடமாற்றத்தால் மாறவில்லை.