கோர்ட் கோபுரத்து விளக்கு

1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் இது. இந்தச் செங்கல் மாளிகையின் மிக உயரமான கோபுரத்து உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கு முன் கப்பல்களுக்கு வழிகாட்டிய 1844ஆம் ஆண்டுக் கல் தூணும் இதே வளாகத்தில்தான் நிற்கிறது.

எதிரே, தம்புச் செட்டித் தெருவில் வளர்ந்தவள் நான். கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் கோபுரத்து வெளிச்சம் தெரியும். பகலில் எங்கள் தெருவே கோர்ட்டின் திண்ணைதான். வாசலுக்கு வாசல் வக்கீல் பலகை, டைப்ரைட்டர்களின் சடசடப்பு, முத்திரைத்தாள் வாங்க அலையும் வெளியூர்க்காரர்கள். மஞ்சள் பையில் கேஸ் கட்டை இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விடுவார்கள். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுப்பாள்; என்ன வழக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. தீர்ப்பு சாதகமானால் அவர்களே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இந்தக் கட்டடம் என்றால் முதலில் அந்த முகங்கள்தான்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு குண்டு இங்கும் விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு சுற்றுச்சுவரில் இருக்கிறது. பார்க்காமல் போய்விடாதீர்கள்.