மரத்தில் சாய்ந்திருந்த துப்பாக்கி

வின்செஸ்டர் 1873 மாதிரி நெம்புகோல் ரைஃபிள்
44-40 தோட்டா வகை, தயாரிப்பு 1882

2014 நவம்பரில் நெவாடா மாநிலத்துக் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் தொல்லியலாளர் கண்ணிற்பட்ட இத்துப்பாக்கி, ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்துவைத்த நிலையிலேயே, கட்டை வெளிறி வெடித்து, குழல் துருவேறி, அடிப்பாகம் மண்ணில் புதைந்து, நெடுங்காலம் மனித சஞ்சாரமற்ற அவ்விடத்தில் நின்றிருந்தது.

எனினும், இதன் வயதை நிச்சயித்தது இத்தோற்றமன்று. இதில் பொறித்திருந்த வரிசை எண்ணை, வயோமிங் மாநிலம் கோடி நகர் அருங்காட்சியகம் பாதுகாத்துவரும் வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பேரேடுகளோடு ஒப்புநோக்கியபோது, இது 1882-இல் தயாராகி அனுப்பப்பட்டதென்பது சந்தேகத்துக்கிடமின்றிப் புலப்பட்டது; பெற்றுக்கொண்டவர் யாரென்பது மட்டும் அவற்றில் இல்லை. கட்டையினுள் அகப்பட்ட ஒற்றைத் தோட்டாவோ, 1887-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட காலத்தது. ஆகவே துப்பாக்கி அங்கே விடப்பட்டது, அது பிறந்து சில ஆண்டுகளேனும் கழிந்த பின்னரே.

ஏழு லட்சத்துக்கும் மேல் தயாரான இம்மாதிரியில், 'ஆயிரத்தில் ஒன்று' என்று குழலில் பொறித்து, 1875-இல் நூறு டாலர் விலை குறித்து விற்ற அபூர்வ வகையே சேகரிப்பாளரின் பேராசைக்கும், அதனால் போலிகளுக்கும் காரணமாயிற்று. சாதாரணக் குழலில் அவ்வெழுத்துக்களைப் பின்னாளில் பொறிப்பதும், தேய்ந்த உலோகத்துக்குப் புதுமெருகு ஏற்றுவதும் கைதேர்ந்த கொல்லனுக்கு அரியனவல்ல. நூற்றாண்டுக்கு முன் எழுதிய பேரேட்டில் ஒரு வரியைச் சேர்ப்பதோ எவருக்கும் இயலாது. வாங்க விழைவோர் முதலில் கேட்கவேண்டியது துப்பாக்கியை அன்று, அதன் ஏட்டுச் சான்றை.