ஆம்னி கொதித்தால்: தண்ணீர் ஊற்றும் முன் ஒரு கேள்வி

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் காய்கறி மூட்டைக்கும் கல்யாணப் பாத்திரத்துக்கும் நம் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் சித்திரை வெயிலில் உட்காரும் இடம் சுடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டி ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

முள் ஏறினால் பெரும்பாலோர் செய்வது, ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டுவது. அடுத்த வாரம் மறுபடி ஊற்றுவார்கள். ரேடியேட்டர் தண்ணீர் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுகிற அதே தண்ணீர்தான். குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது. அதனால் மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே பதில் கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வண்டி எப்போது சூடாகிறது?

சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் முள் இறங்கினால், சந்தேகம் விசிறி மேல். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். வண்டியை நிறுத்தி இன்ஜினை ஐடிலில் விடுங்கள். முள் நடுவைத் தாண்டியும் விசிறி சுற்றவில்லை என்றால், வெப்பத்தை உணர்ந்து விசிறியைப் போடும் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு ஒயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விசிறி சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது என்று அர்த்தம், மலிவான வேலை. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர், கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிறதா என்பது நொடியில் தெரியும். விசிறியை நேரடியாகச் சாவியோடு இணைத்து எப்போதும் சுற்றவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அவசரத்துக்குச் சரி, அதையே நிரந்தரமாக்கினால் மோட்டார் சீக்கிரம் தேயும்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலை வேகத்திலோ கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிரப்பிக்கொண்டு ஏறும்போதோ மட்டும் கொதித்தால், விசிறியைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. இதற்கு முதல் காரணம் போர் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரில் உள்ள உப்பு, டீக்கடைப் பாத்திரத்தில் படிவதுபோல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. வருடக்கணக்கில் அதையே ஊற்றிய வண்டியில் பாதிக் குழாய்கள் மூடியிருந்தால் ஆச்சரியமில்லை. வண்டி ஓடி நின்ற பிறகு, இன்ஜினை அணைத்துவிட்டு ரேடியேட்டர் முகப்பை வெவ்வேறு இடங்களில் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு பகுதி மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. பித்தளை ரேடியேட்டர் என்றால், தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிக் கழற்றி, குழாய்களுக்குள் தகடு விட்டுச் சுத்தம் செய்து தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அலுமினியத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்தது என்றால் அதைச் சரிசெய்யக் காசைச் செலவழிக்காமல் புதிதாக மாற்றுவதே மேல். அதற்கு முன் வெளிப்பக்கத் தகடுகளில் சேர்ந்த மண்ணையும் பூச்சியையும் மெதுவான தண்ணீரில் கழுவிப் பாருங்கள். சில வண்டிகளுக்கு அதுவே போதும்.

குளிர்ந்த வண்டியை எடுத்த சில நிமிடத்திலேயே முள் மேலே போனால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கலாம். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை உள்ளேயே நிறுத்திவைத்து, பிறகு ரேடியேட்டருக்கு வழிவிடும் சின்ன வால்வு அது. திறக்கும் வெப்பநிலை, 82 அல்லது 88 என்பதுபோல, அதன் மேலேயே பொறித்திருக்கும். கழற்றி, அடுப்பில் சூடாகும் தண்ணீரில் போட்டால் கொதிநிலைக்கு முன்பே வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு, தூக்கிப் போடு” என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறைய உண்டு. அதைக் கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது ரேடியேட்டர் அடைப்பைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, தண்ணீர் குறைந்துகொண்டே போகும் வண்டி. முதலில் மூடியைப் பாருங்கள். பிரஷர் குக்கர் மூடி செய்யும் வேலையைத்தான் ரேடியேட்டர் மூடியும் செய்கிறது. 0.9 என்று பொறித்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் கெட்டுப்போனால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். ஆறியபின், வழியும் தண்ணீர் சேரும் பக்கத்து பாட்டிலில் தண்ணீர் நிறைந்திருந்து ரேடியேட்டர் மட்டும் காலியாக இருந்தால், திரும்ப உறிஞ்சும் வழி அடைபட்டிருக்கிறது: மூடியோ, பாட்டிலுக்குப் போகும் சின்ன டியூபோ. எதையும் பிரிக்கும் முன் மூடியை மாற்றிப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மலிவான சோதனை.

மூடி சரியென்றால் ஹோஸ் முனைகள், கிளிப்கள், வாட்டர் பம்ப். பம்பின் அடியில் கசிவுக்கென்றே ஒரு துளை உண்டு. அங்கிருந்து கறை ஓடியிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பம்பையே மாற்ற வேண்டியதுதான். கேஸ் கிட் போட்ட ஆம்னியில் இன்னொரு இடமும் இருக்கிறது. கேஸை ஆவியாக்கும் வேப்பரைசருக்கு இன்ஜின் சுடுதண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோகும் டி-இணைப்புகள் பழசானால் கசியும். கேஸில் ஓடும்போது வேப்பரைசர் மேல் பனி பூத்து வண்டி திணறினால், அதற்குச் சுடுதண்ணீர் போய்ச் சேரவில்லை. கேஸ்காரர் வேப்பரைசரை மாற்றச் சொல்லும் முன் தண்ணீர் அளவைப் பாருங்கள். வழியில் ஒழுகினால் மஞ்சள்தூள் போட்டு அடைக்கும் வைத்தியம் ஊர் போய்ச் சேர உதவும்தான். சேர்ந்ததும் முழுக்கக் கழுவாவிட்டால் அந்த மஞ்சளே நல்ல குழாய்களையும் அடைக்கும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால்தான் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி வந்தால், அல்லது மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் பால்விட்ட காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அதிக சூடு கண்ட அலுமினிய ஹெட் வளையும். கழற்றிய ஹெட்டின் மேல் நேர் பட்டை வைத்து வளைவை அளக்காமல், புது கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூட விடாதீர்கள். வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்தபிறகே பூட்ட வேண்டும். இல்லையென்றால் அதே செலவு மறுபடி வரும்.

வழியில் ஆவி கிளம்பினால் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். அரைமணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். முகத்தில் அடிக்கும் கொதிநீர் விளையாட்டல்ல. சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். உச்சிக்குப் போன முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் முழுதும் போய் சென்சார் காற்றில் நிற்கும்போதும் முள் அப்படித்தான் விழும்.

பழுது பார்த்தபின் போர் தண்ணீர் வேண்டாம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்பதை வாங்கினால் அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கட்டும். மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து குமிழி அடங்கும்வரை நிரப்புங்கள். உள்ளே காற்று மாட்டினால் புது பாகம் போட்டும் வண்டி கொதிக்கும். பழைய கூலன்ட்டை மட்டும் தெருவில் கொட்டிவிடாதீர்கள். அது இனிக்கும், நக்கிக் குடிக்கும் நாய் பிழைப்பது கடினம். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.